இடுப்புத்தளத் தசைகளுக்கான இயன்முறைச் சிகிச்சை: தளர்வு முதலில், வலு பிறகு – முழுமையான வழிகாட்டி

இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்புறப் பூப்பெலும்பிலிருந்து பின்புற வால் எலும்பு வரை தொட்டில்போல் விரிந்திருக்கும் தசைகளே இடுப்புத்தளத் தசைகள். சிறுநீர்ப்பை, மலக்குடல், பெண்களுக்குக் கருப்பை ஆகியவற்றைத் தாங்குவதும், சிறுநீர், மலம் ஆகியவற்றின் வாயில்களை வேண்டும்போது மூடி வேண்டும்போது திறந்துவிடுவதும் அவற்றின் வேலை. ஆகவே இந்தத் தசைகள் இரண்டு விதமாகப் பழுதுபடலாம். மூட வேண்டிய நேரத்தில் போதிய இறுக்கம் வராமல் போகலாம். திறக்க வேண்டிய நேரத்தில் தளராமல் போகலாம். முதல் வகைக்கு மருந்தாகும் பயிற்சி இரண்டாம் வகைக்கு வலியைக் கூட்டும்.

நாட்பட்ட இடுப்பு வலியோடு வருபவர்களில் பலர், எங்கோ கேள்விப்பட்ட கீகல் பயிற்சியை, அதாவது இடுப்புத்தளத் தசைகளை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சியை, பல மாதங்கள் விடாமல் செய்து, ஏற்கெனவே முறுக்கேறியிருந்த தசையை மேலும் முறுக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு உழைப்பில் குறையில்லை, வரிசைதான் தவறு. பின்வரும் படிகள் அந்த வரிசையைச் சரிசெய்வதற்காக எழுதப்பட்டவை. இவற்றை இடுப்புத்தளச் சிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்வதே நல்லது.

1. முதலில் விலக்க வேண்டிய நோய்கள்

தசைச் சிகிச்சையைத் தொடங்கும் முன், வலிக்கோ கசிவுக்கோ வேறு காரணம் இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். சிறுநீர்த் தொற்று, கருப்பை உட்படலம் இடம்மாறி வளரும் எண்டோமெட்ரியோசிஸ், சினைப்பைக் கட்டி, புராஸ்டேட் கோளாறு, ஆசனவாய் வெடிப்பு ஆகியவை எல்லாம் இடுப்பு வலியாகவே வெளிப்படக்கூடும். இவற்றில் ஒன்று இருப்பதால் தசைச் சிகிச்சை வேண்டாம் என்று ஆகிவிடாது. ஆனால் மூலத்தைக் கவனிக்காமல் தசையை மட்டும் தளர்த்தினால், சில நாட்களில் அது மீண்டும் இறுகிவிடும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதியும் திடீரென மரத்துப்போதல், சிறுநீர் வெளியேறாமல் அடைபடுதல், மலத்தைக் கட்டுப்படுத்தும் சக்தி திடீரென அற்றுப்போதல் ஆகியவை முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக்கற்றை நசுங்குவதைக் காட்டலாம். உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். விதைப்பையில் திடீரெனத் தோன்றும் கடும் வலியும் அப்படியே. சிறுநீரிலோ மலத்திலோ இரத்தம், மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு, காய்ச்சலோடு கூடிய வலி, காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவற்றைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

2. மூன்று நாள் குறிப்பு

முதல் சந்திப்புக்கு முன்பே மூன்று நாட்களுக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தீர்கள், அதன் அளவு எத்தனை மில்லிலிட்டர், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், மலம் எளிதாகப் போனதா, வலி பத்துக்கு எத்தனை என்பவை அதில் இருக்க வேண்டும். அளவைக் கண்ணால் மதிப்பிடாமல், அளவுக்கோடுள்ள பழைய குவளையில் பிடித்தே எழுத வேண்டும்.

நினைவை மட்டும் நம்பினால் 'அடிக்கடி போகிறேன்' என்பதற்கு மேல் எதுவும் தெரியவராது. குறிப்போ காரணத்தையே காட்டிவிடும். பகலில் ஆறு முதல் எட்டு முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 300 முதல் 400 மில்லிலிட்டர் என்பது பெரியவர்களில் பெரும்பாலும் காணும் அளவு. மணிக்கு ஒருமுறை சென்று ஒவ்வொரு முறையும் 100 மில்லிலிட்டர்தான் வருகிறது என்றால், பை நிறையும் முன்பே அவசரம் தோன்றுகிறது என்று பொருள். மணிக்கு ஒருமுறை சென்று ஒவ்வொரு முறையும் நிறைய வருகிறது என்றால் கோளாறு தசையில் இருக்க வாய்ப்பில்லை. குடிக்கும் அளவையும் இரத்தச் சர்க்கரையையும் பார்க்க வேண்டும்.

இங்கே பலரும் செய்யும் தவறு, குறிப்பெழுதும் மூன்று நாட்களில் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்வது. வழக்கமாக இருப்பதுபோல் இருந்தால்தான் குறிப்பு பயன்படும்.

3. தசை இருக்கும் இடத்தை அறிதல்

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, காற்று பிரியாமல் அடக்குவதுபோல் ஆசனவாயை மெல்ல உள்ளே இழுக்க வேண்டும். பெண்கள் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி உள்நோக்கி மேலே எழுவது தெரியும். ஆண்களுக்கு ஆண்குறியின் அடிப்பகுதி சற்றே உள்ளிழுபட்டு, விதைப்பை மேலெழும். பிறகு விட்டுவிட்டால் அந்தப் பகுதி பழைய இடத்துக்கு இறங்க வேண்டும். இறங்குகிறதா என்பதையும் எழுகிறதா என்பதற்கு ஈடாகக் கவனிக்க வேண்டும். பெரும்பாலோர் அதைப் பார்ப்பதே இல்லை.

புட்டத்தை இறுக்குவது, தொடைகளை ஒட்டிப் பிடிப்பது, மூச்சை அடக்குவது ஆகிய மூன்றும் தொடக்கத்தில் எல்லாருக்கும் வரும் பிழைகள். நான்காவது ஒன்று இவற்றைவிடத் தீங்கானது: உள்ளே இழுப்பதாக எண்ணிக்கொண்டு கீழ்நோக்கி முக்குவது. கண்ணாடியில் அந்தப் பகுதி வெளியே புடைத்தால் அதுதான் நடக்கிறது. அடியிறக்கம் (கருப்பையோ சிறுநீர்ப்பையோ மலக்குடலோ கீழே சரிந்து இறங்குவது) உள்ளவர் இதையே நாள்தோறும் பயிற்சியாகச் செய்தால், தாங்க வேண்டிய உறுப்பைத் தாமே கீழே தள்ளியவராவார்.

சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்க்கும் முறையைப் பயிற்சியாகச் செய்யக் கூடாது. பை முழுதாகக் காலியாவதை அது கெடுக்கும். மிஞ்சிய சிறுநீர் தொற்றுக்கு இடம் கொடுக்கும்.

4. முதல் பரிசோதனையில் நடப்பது

முதலில் பேச்சு, பிறகு வெளிப்பரிசோதனை, தேவையும் சம்மதமும் இருந்தால் மட்டுமே உட்பரிசோதனை என்பதே முறை. நிற்கும் நிலை, மூச்சு, முதுகு, இடுப்பு மூட்டு, வயிறு, பழைய அறுவைத் தழும்புகள் ஆகியவற்றை வெளியிலிருந்தே பார்க்கலாம். உட்பரிசோதனையில் கையுறையணிந்த ஒரு விரலால், பெண்களுக்கு யோனி வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ, ஆண்களுக்கு ஆசனவாய் வழியாக, தசையின் இறுக்கமும் வலிக்கும் புள்ளிகளும் வலுவும் அறியப்படுகின்றன.

இதற்கு மறுப்புச் சொல்லும் உரிமை நோயாளிக்கு எப்போதும் உண்டு. ஒப்புக்கொண்ட பிறகும் நடுவில் 'போதும்' என்றால் விரலை எடுத்துவிட வேண்டும். துணைக்கு ஒருவரை அறையில் வைத்துக்கொள்ளவும் கேட்கலாம். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதன்று: அச்சத்தோடு கிடக்கும் உடலில் தசை தானாகவே இறுகும், அந்த இறுக்கத்தை அளந்து எழுதினால் பரிசோதனையே பொய்யாகிவிடும். உட்பரிசோதனை வேண்டாம் என்பவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் கருவியை வயிற்றின்மீதோ ஆசனவாய்க்கு முன்புறமோ வைத்துத் தசையின் அசைவைப் பார்க்கலாம். தோலில் ஒட்டும் உணரிகளாலும் ஓரளவு அறியலாம்.

தொற்று இருக்கும்போதும், பிரசவத்துக்கோ அறுவைக்கோ பிறகு புண் ஆறும் வரையிலும் உட்பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டும். பிரசவத்துக்குப் பின் பொதுவாக ஆறு வாரங்கள் விடுவது வழக்கம். கருவுற்றிருந்தால் மகப்பேறு மருத்துவரின் ஒப்புதல் வேண்டும்.

5. இறுக்கமா, வலுக்குறைவா

எல்லாப் படிகளும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைகின்றன. இதற்கு விடை தெரியாமல் ஒரு பயிற்சியையும் தொடங்க வேண்டாம்.

இருமினாலும் தும்மினாலும் பாரம் தூக்கினாலும் கசிவது, கீழே ஏதோ இறங்கி நிற்பதுபோன்ற கனம், காற்றை அடக்க முடியாமை ஆகியவை பெரும்பாலும் வலுக்குறைவைக் காட்டும். சிறுநீர் தொடங்கவே நேரமெடுப்பது, தாரை விட்டுவிட்டு வருவது, முக்கியும் மலம் முழுதாகப் போகாத உணர்வு, உடலுறவில் வலி, நெடுநேரம் உட்கார்ந்தால் கூடும் வலி, வால் எலும்பு வலி, ஆண்களுக்கு விந்து வெளியேறிய பின் வரும் வலி ஆகியவை பெரும்பாலும் தளர முடியாத இறுக்கத்தைக் காட்டும். புராஸ்டேட் அழற்சி என்று சொல்லப்பட்டு, சோதனையில் கிருமி எதுவும் காணப்படாமலே பல சுற்று ஆன்டிபயாடிக் சாப்பிட்ட ஆண்களில் பலர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்கள்.

குழப்பம் மூன்றாம் வகையில் வருகிறது. இறுகிய தசை வலுவான தசை என்று பொருளில்லை. நாள் முழுவதும் பாதி மடக்கியே வைத்திருந்த கை ஒரு வாளியைத் தூக்கத் திணறுவதுபோல, எப்போதும் இறுகிக் கிடக்கும் இடுப்புத்தளம் இருமல் வரும் நொடியில் மேலும் இறுக இடமில்லாமல் கசியவிடும். கசிவு இருக்கிறது, ஆகவே கீகல்தான் வேண்டும் என்று முடிவுகட்டுவது இங்கேதான் தவறாகிறது. கசிவும் வலியும் சேர்ந்திருந்தால் தளர்வே முதலில்.

பரிசோதிப்பவர் வலுவை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார். எத்தனை நொடி பிடிக்க முடிகிறது, எத்தனை முறை திரும்பச் செய்ய முடிகிறது, விட்டபின் முழுதாகத் தளர எவ்வளவு நேரமாகிறது என்பவற்றையும் குறித்துக்கொள்வார். கடைசி எண்ணை உங்களுக்குச் சொல்லவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

6. மூச்சின் வழியாகத் தளர்த்துதல்

மூச்சை உள்ளே இழுக்கும்போது, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்கும். அதோடு இடுப்புத்தளமும் மெல்ல இறங்கும். மூச்சை விடும்போது இரண்டும் மேலே எழும். இந்த இயல்பான அசைவே தளர்வுப் பயிற்சிக்கு அடிப்படை. இறுகிய தசையைப் பார்த்து 'தளர்' என்று கட்டளையிட்டால் அது கேட்பதில்லை. மூச்சோடு சேர்த்து அசைத்தால் கேட்கும்.

மல்லாந்து படுத்து, முழங்கால்களுக்குக் கீழே தலையணை வைத்து, ஒரு கையை மார்பிலும் ஒரு கையை விலாவின் கீழ்ப்புறத்திலும் வைக்க வேண்டும். நான்கு நொடி மூக்கால் மூச்சை இழுக்கும்போது விலா பக்கவாட்டில் விரிந்து வயிறு எழ வேண்டும். மார்பில் வைத்த கை அதிகம் அசையக் கூடாது. ஆறு நொடி மெல்ல விட வேண்டும். மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும், உட்கார்ந்தால் தரையில் அழுந்தும் இரண்டு எலும்புகளுக்கும் இடையே உள்ள பரப்பு அகல்வதாக உணர வேண்டும். கீழே தள்ள வேண்டியதில்லை, விட்டுக்கொடுத்தால் போதும். நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் இதைச் செய்யலாம்.

முதல் வாரத்தில் பெரும்பாலோர் 'ஒன்றுமே தெரியவில்லை' என்பார்கள். பல ஆண்டுகளாக இறுகிக் கிடந்த இடத்தில் உணர்வே மங்கியிருக்கும் என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. கைவிரலை உடையின் மேலாக ஆசனவாய்க்கு முன்புறத்தில் வைத்துக்கொண்டால், மூச்சை இழுக்கும்போது விரலை நோக்கி மெல்லிய அழுத்தம் வருவது சில நாட்களில் தெரியத் தொடங்கும். வயிற்றை எப்போதும் உள்ளிழுத்து வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது மிகத் தாமதமாக வரும். அவர்கள் முதலில் வயிற்றைத் தளரவிடப் பழக வேண்டும்.

மூச்சு பழகிய பின், மல்லாந்த நிலையில் பாதங்களைக் கையால் பிடித்து முழங்கால்களை அகட்டுவது, மண்டியிட்டுக் குதிகால்மீது உட்கார்ந்து முன்னே சாய்வது ஆகிய நீட்டிப்புகளைச் சேர்க்கலாம். நீட்டியபடியே ஐந்தாறு மூச்சு. நீட்டிப்பால் எரிச்சலோ மின்னதிர்ச்சி போன்ற வலியோ வந்தால் நிறுத்திவிட வேண்டும். நரம்பு உரசப்படும் இடத்தில் இழுத்து நீட்டுவது அதை மேலும் சீண்டும்.

7. கழிப்பறைப் பழக்கங்கள்

நாளைக்கு இருபது நிமிடம் தளர்வுப் பயிற்சி செய்துவிட்டு, கழிப்பறையில் மூச்சைப் பிடித்து முக்கினால் செய்ததெல்லாம் வீண். இருக்கையில் உட்காருவோர் பாதங்களுக்கு அடியில் சிறு முக்காலி வைத்து, முழங்கால்கள் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி உட்கார்ந்து, முன்னே சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்ற வேண்டும். மலக்குடலைச் சுற்றி வளைத்து மடக்கிப் பிடித்திருக்கும் தசை அந்த நிலையில்தான் தளர்ந்து வழி நேராகும். முக்க வேண்டியிருந்தால், வாயைத் திறந்து மூச்சை வெளிவிட்டபடி வயிற்றை அகலப்படுத்த வேண்டும். பத்து நிமிடத்தில் வரவில்லை என்றால் எழுந்துவிடலாம்.

சிறுநீருக்கு இருக்கையில் அந்தரத்தில் குனிந்து நிற்காமல் முழுதாக உட்கார வேண்டும். தொடை இறுகினால் இடுப்புத்தளமும் இறுகும். 'எதற்கும் ஒருமுறை போய்விட்டு வருவோம்' என்று வெளியே கிளம்பும் முன்பெல்லாம் போவதும் கெட்ட பழக்கமே. பை சிறிய அளவிலேயே அவசரம் காட்டப் பழகிவிடும்.

8. உட்புறத் தளர்த்தலும் விரிப்பான்களும்

இதைச் சிகிச்சையாளர் ஒருமுறை செய்துகாட்டிய பின்னரே வீட்டில் செய்ய வேண்டும். யோனி வாயிலை ஒரு கடிகார முகமாக எண்ணிக்கொண்டால், பூப்பெலும்பு 12 மணி, ஆசனவாய் 6 மணி. நகம் வெட்டிய, சுத்தமான பெருவிரலில் நீர் அடிப்படையிலான வழவழப்பு ஜெல் தடவி, முதல் கணு அளவுக்கு உள்ளே வைத்து, 3 மணிக்கும் 9 மணிக்கும் இடைப்பட்ட கீழ்ப்பாதியில் மட்டும் மெல்ல அழுத்த வேண்டும். 12 மணிப் பக்கம் சிறுநீர்க் குழாய் இருப்பதால் அங்கே அழுத்தக் கூடாது. வலிக்கும் புள்ளி கிடைத்தால் அழுத்தத்தை அப்படியே 30 முதல் 60 நொடி நிறுத்தி, மூச்சை மெல்ல விட்டபடி, வலி தணிவதற்குக் காத்திருக்க வேண்டும். தேய்ப்பதோ இழுப்பதோ தேவையில்லை.

வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. அதற்குமேல் போனால் தசை தற்காப்புக்காக இறுகும். நாம் செய்ய வந்ததற்கு நேர்மாறாகும். 'வலித்தால்தான் பலன்' என்ற எண்ணம் இந்தச் சிகிச்சையில் செய்யும் கேடு கொஞ்சமன்று.

விரிப்பான்கள் என்பவை யோனி வாயிலைப் படிப்படியாகப் பழக்குவதற்கான, வெவ்வேறு அளவுகளில் உள்ள வழவழப்பான உருளைகள். அவற்றை மிகச் சிறிய அளவிலிருந்து தொடங்க வேண்டும். உள்ளே வைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் அசையாமல் மூச்சுப் பயிற்சி. பிறகு மெல்லிய அசைவு. ஓர் அளவு அச்சமும் வலியும் இல்லாமல் பலமுறை தொடர்ந்து அமைந்த பின்னரே அடுத்த அளவு. அளவு ஏறுவதை வெற்றியாக எண்ணி அவசரப்படுபவர்கள்தான் அடிக்கடி முதல் அளவுக்கே திரும்புகிறார்கள்.

9. வலுவூட்டுதல்

வலி அடங்கி, இறுக்கியபின் முழுதாகத் தளர முடிகிற நிலை வந்த பிறகே இந்தப் படி. தொடக்கத்திலேயே வலுக்குறைவு மட்டும் என்று கண்டறியப்பட்டவர்கள் மூச்சைப் பழகிக்கொண்டு நேரே இங்கு வரலாம்.

எண்ணிக்கை உங்கள் பரிசோதனை முடிவிலிருந்து வர வேண்டும். மூன்று நொடிதான் பிடிக்க முடிகிறது என்றால் மூன்று நொடியிலேயே தொடங்க வேண்டும். பத்து நொடி என்று எழுதியிருக்கிறதே என்று பிடித்தால், நான்காம் நொடியிலிருந்து புட்டமும் தொடையும் வேலை செய்யும். மூச்சை விட்டபடி இறுக்கி, பிடித்து, பிடித்த நேரத்தின் இரு மடங்கு தளர்த்த வேண்டும். எட்டு முறை ஒரு சுற்று, நாளுக்கு மூன்று சுற்று, குறைந்தது மூன்று மாதம் என்பது சிறுநீர்க் கசிவுக்கு நிலைபெற்ற அளவு. இதோடு, ஒரு நொடியில் இறுக்கி உடனே விடும் விரைவான இறுக்கங்களும் சில வேண்டும். இருமலின்போது உதவுவது அந்த வேகமே.

முதலில் படுத்து, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று, கடைசியில் நடந்தும் பாரம் தூக்கியும் செய்ய வேண்டும். படுத்தபடியே மூன்று மாதம் செய்துவிட்டு 'நிற்கும்போது இன்னும் கசிகிறது' என்பவர்கள் உண்டு. தசையின்மீது எடை விழும் நிலையில் அதைப் பழக்கவே இல்லை என்பதுதான் காரணம். இருமுவதற்கும் தும்முவதற்கும் எழுவதற்கும் ஒரு நொடி முன்னதாக இறுக்கும் பழக்கத்தை இந்தக் கட்டத்தில் சேர்க்க வேண்டும்.

மெல்லிய மின்சாரத்தால் தசையை இறுகச் செய்யும் மின்தூண்டல் கருவி எல்லாருக்கும் தேவையில்லை. தசையைத் தானாக இறுக்கவே முடியாதவர்களுக்கு அது உதவலாம். கருவுற்றவர்களும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும்.

10. சிறுநீர் அவசரத்தைத் தள்ளிப்போடுதல்

அவசரம் வந்ததும் கழிப்பறைக்கு ஓடுவதுதான் கசிவை வரவழைக்கிறது. நின்ற இடத்திலேயே நின்று, அல்லது உட்கார்ந்து, ஐந்தாறு விரைவான இறுக்கங்களைச் செய்தால், சிறுநீர்ப்பைச் சுவரின் சுருக்கம் அனிச்சையாக அடங்கும். அலை தணிந்தபின் நடந்து போக வேண்டும். இறுக்க வகையினருக்கு இறுக்கத்துக்குப் பதிலாக மெதுவான மூச்சும், மனத்தை வேறொன்றில் செலுத்துவதுமே பொருந்தும்.

குறிப்பில் உள்ள இடைவெளியோடு வாரந்தோறும் 15 நிமிடம் கூட்டி, மூன்று மணி நேர இடைவெளியை எட்டலாம். ஆறு வாரத்துக்கு முன் பலனை எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீரைக் குறைப்பது இதற்குக் குறுக்கு வழியன்று. அடர்ந்த சிறுநீர் பையை மேலும் எரிச்சலூட்டும்.

11. வலியின் ஏற்ற இறக்கத்தைக் கையாளுதல்

பல மாதங்கள் நீடித்த வலியில் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடும். சிறு அழுத்தத்தையும் அது ஆபத்தாகப் படிக்கும். வலி கற்பனை என்பதன்று இதன் பொருள். வலியின் அளவும் தசையில் உள்ள கேட்டின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதே பொருள். ஆகவே நல்ல நாளில் விட்ட வேலையெல்லாம் செய்து, மறுநாள் படுத்துக்கிடக்கும் சுழற்சியை முறிக்க வேண்டும். இருபது நிமிடம் உட்கார்ந்தால் வலி தொடங்குகிறது என்றால் பதினைந்தாவது நிமிடத்திலேயே எழ வேண்டும். அது ஒரு வாரம் சரியாக அமைந்தால் இரண்டு நிமிடம் கூட்டலாம்.

வலி திடீரென ஏறும் நாளுக்கான திட்டத்தை, வலியில்லாத ஒரு நாளில் எழுதி வைக்க வேண்டும்: வலுவூட்டலையும் விரிப்பானையும் நிறுத்துவது, ஆறாம் படியின் மூச்சுக்கு மட்டும் திரும்புவது, இதமான வெப்பம், மென்மையான நடை. இரண்டு மூன்று நாட்களில் தணிந்தால் விட்ட அளவில் பாதியிலிருந்து மீண்டும் தொடங்கலாம். ஒரு வாரமாகியும் தணியவில்லை என்றாலோ, வலியின் தன்மையே மாறியிருந்தாலோ முதல் படியில் சொன்ன மருத்துவரிடம் திரும்ப வேண்டும்.

12. மறுபரிசோதனை

ஆறாவது வாரத்திலும் பன்னிரண்டாவது வாரத்திலும் மூன்று நாள் குறிப்பை மறுபடியும் எழுதி, பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உணர்வைவிட எண்கள் நம்பத்தக்கவை. ஐந்து முறை கசிந்தது மூன்றாகக் குறைந்ததைப் பலர் தாமாக உணர்வதே இல்லை. பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் எண்கள் அசையவில்லை என்றால் ஐந்தாம் படியின் முடிவு தவறாக இருந்திருக்கலாம். பயிற்சியின் எண்ணிக்கையைக் கூட்டாமல், பரிசோதனையையே மறுபடி செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.